இரண்டாவது ஊசி

கிருபாவதியின் ரத்தத்தில் எல்லாம் இருந்தது. அதுதான் சிக்கல்.

பாலாற்றங்கரையில் இருந்த அந்தத் தோல் தொழிற்சாலையின் மேல் வழக்குப் போட்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். உடல் சான்றுச் சட்டம் வந்தபிறகு இப்படிப்பட்ட வழக்குகளில் மருத்துவர் கடிதத்தையோ வருகைப் பதிவேட்டையோ யாரும் பார்ப்பதில்லை. ஒரு குப்பி ரத்தம் போதும். ஓர் உடலுக்குள் போன நஞ்சு தன் அடையாளத்தைச் செல்களுக்குள் விட்டுவைக்கும். அதைப் படிக்கக் கருவி வந்துவிட்டது. மனிதர்கள் பொய் சொல்வார்கள், உடல் சொல்லாது என்று சட்டத்தின் முகவுரையிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

வழக்கை விசாரிக்கிற ஆணையத்தின் ஆய்வகம் முடிவுகளை அனுப்பியது. இருநூற்றுப் பதினொரு பேரின் ரத்தத்தில் குரோமியத்தின் அடையாளம் ஒன்றுகூட இல்லை. கிருபாவதியிடம் மட்டும் இருந்தது, தோலைக் குரோமியத் தண்ணீரில் சுற்றும் டிரம் பிரிவில் அவள் நின்ற பதினெட்டு வருடத்துக்கும் சேர்த்து.

தொழிலாளர்களின் வக்கீல் இளம்பரிதியின் அலுவலகம் செருப்பு சோல் விற்கும் கடைக்கு மாடியில். பசை நெடி ஜன்னல் வழியாக ஏறிவந்துகொண்டே இருக்கும். அன்று மதியம் கிருபாவதி போனபோது அங்கே டாக்டர் ஷமீமாவும் வந்திருந்தாள். அதே ஊர்ப் பெண்தான். படித்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள்; தொழிற்சங்கத்துக்காக இந்த வழக்கில் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தோல் ஓரத்துல குத்து போடுவீங்கல்ல, எந்த லாட்டுன்னு தெரியறதுக்கு?"

"ஆமா டாக்டர். சுண்ணாம்புல ஊறினாலும் போவாது. டிரம்முல நாள் முச்சூடும் சுத்தினாலும் போவாது."

"அந்த மாதிரிதான் இதுவும். உங்க ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ரெண்டு மீட்டர் நூல் இருக்கு. மரபணு எல்லாம் அதுலதான். அவ்ளோ நூலு அந்தத் துளி இடத்துல அடங்கணும்னா குட்டிக் குட்டி உருண்டையில சுத்தித்தான் வைக்கணும். இறுக்கிச் சுத்தின இடத்தச் செல்லால படிக்க முடியாது, அங்க இருக்கற மரபணு தூங்கும். தளர்வா இருந்தா முழிச்சுக்கும். எத இறுக்கறது, எதத் தளர்த்தறதுன்னு பாத்துக்கறது புரதங்க. தனித்தனியா இல்ல, செட்டு செட்டா வேலை செய்யும். ஒரு செட்டு வந்து குறி வைக்கும். இன்னொரு செட்டு குறியப் பாத்து நூல இறுக்கும், இல்ல தளர்த்தும். வேற ஒரு செட்டு குறியத் துடைக்கும்."

"மேஸ்திரி யாரு?"

ஷமீமா சிரித்தாள். "மேஸ்திரி கிடையாதுக்கா. குறிதான் மேஸ்திரி."

"அப்ப எங்க டிரம் செட்டவிட ஒழுங்கா வேலை நடக்கும்."

"நடக்கும். குரோமியம் உள்ள போகாத வரைக்கும். போச்சுன்னா இந்தச் செட்டுங்க குழம்பிப்போய்த் தப்பான இடத்துல குறி வச்சிடும். எந்தெந்த இடம்னு நமக்குத் தெரியும். ஆணையம் படிக்கறது அதத்தான். உங்க கூட வேலை செஞ்சவங்களுக்கு அந்த இடமெல்லாம் அலம்பி விட்ட தரை மாதிரி இருக்கு. தோல் பக்கமே போகாத ஆளுக்குக்கூட ரெண்டு மூணு கறை இருக்கும். இது இயற்கை இல்ல. யாரோ துடைச்சிருக்காங்க."

"முகாம் ஊசி," என்றார் இளம்பரிதி.

இரண்டு வருடத்துக்கு முன், வழக்கு வரப்போகிறது என்று தெரிந்த மாதத்தில், கம்பெனி ஒரு சுகாதார முகாம் நடத்தியிருந்தது. எல்லாருக்கும் ஒரு ஊசி. வைட்டமின் என்றார்கள். ஆணையத்திலும் சத்தியம் செய்து அதையே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"அதுக்குள்ள இருந்தது துடைக்கிற செட்டு," என்றாள் ஷமீமா. "செயற்கையா செஞ்சு, எந்தக் குறியத் துடைக்கணும்னு முகவரி எழுதி அனுப்பியிருக்காங்க. ஆனா ஒரு குப்பிகூட நம்ம கையில இல்ல. நான் சொல்றது ஊகம்னு அவங்க வக்கீல் ஒரே வரியில முடிச்சிடுவான்."

"அதுக்கு மேல நீங்க இருக்கீங்கம்மா," என்றார் இளம்பரிதி. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, களைத்த குரல். "ஊசி போட்டுக்கிட்டவங்க பதிவேட்டுல உங்க பேர் இருக்கு. ஊசிதான் துடைச்சுதுன்னா உங்களுக்கு ஏன் துடைக்கலைன்னு கேப்பாங்க. என்கிட்ட பதில் இல்ல."

கிருபாவதி மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணும் புரியல," என்று ஷமீமா தொடர்ந்தாள். "உங்க ஓரகத்தி ரோஸ்லின். அவங்க ஆஸ்பத்திரியில கிடக்கறதால அவங்களுக்கு மட்டும் முழு நூலையும் படிச்சேன். மத்தவங்களுக்குக் குரோமியம் இடங்கள மட்டும்தான் சட்டம் கேக்குது. ரோஸ்லின் உடம்புல, பொறந்த குழந்தைக்கு இருக்க வேண்டிய குறிகூடப் பாதி இல்லக்கா. காலத்துக்கும் மூடியே கிடக்க வேண்டிய மரபணு திறந்து கிடக்கு. ரத்தப் புற்று அதனாலதான் வந்திருக்கு. அந்தத் துடைக்கிற செட்டுக்கு, தான் தீர்ற வரைக்கும் நிக்கத் தெரியாது. குரோமியம் குறி தீந்துபோனா, கையில அடுத்து எது கிடைக்குதோ அதத் துடைக்கும். ஆனா எல்லாருக்கும் ஒரே அளவு ஊசிதான? இவங்களுக்கு மட்டும் மருந்து எப்படி மிஞ்சிச்சு?"

கீழே கடையில் யாரோ சோலைத் தரையில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிருபாவதிக்கு இரண்டு கேள்விக்கும் விடை தெரியும். விடை ஒன்றுதான்.

"சார், ஒருத்தர் அட்டைக்கு இன்னொருத்தர் போய் நின்னா சட்டம் இன்னா சொல்லுது?" என்று கேட்டாள்.

இளம்பரிதி நிமிர்ந்தார். "பிரிவு பதினாலு. ஆள்மாறாட்டம். ரெண்டு பேரையும் மனுதாரர் பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க. ஆணையம் குடுத்த சிகிச்சை அட்டை அன்னைக்கே ரத்து. ஏம்மா?"

"சும்மாதான் கேட்டேன்."

*

அவர்கள் தெருவில் அட்டைகள் கை மாறிக்கொண்டே இருக்கும். ரேஷன் வரிசையில் ஒருத்தி நாலு வீட்டு அட்டையோடு நிற்பாள். தண்ணீர் லாரிக்கு ஒருத்தி, கேஸுக்கு ஒருத்தி. எல்லாரும் வேலைக்குப் போகிற தெருவில் வேறு எப்படி நடக்கும்? யாரும் அதற்குத் தப்பு என்று பெயர் வைத்ததில்லை. கம்பெனியில் விரல் ரேகைக் கருவி இருந்தது. ஆனால் ஈரத் தோலையும் அமிலத்தையும் தொட்டுத் தொட்டு ரேகை அழிந்த விரல்களை அது எப்போதும் ஏற்பதில்லை. முகாமில் நாலு பேருக்கு முயன்றுவிட்டு நர்ஸ் அதை ஓரமாக வைத்துவிட்டாள். கம்பெனி அட்டையைக் காட்டினால் போதும் என்றாள்.

கிருபாவதிக்கு ஊசி என்றால் கண் இருட்டும். பிரசவத்துக்குப் போனவள் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த கதையை ரோஸ்லின் டிரம் பிரிவு முழுக்கப் பரப்பியிருந்தாள். முகாம் நடந்த அன்றும் அவள்தான் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அக்கா, நீ வராத. வந்து கூடாரத்துல விழுந்துகிழுந்து வெச்சன்னா தூக்கறது யாரு? உன் அட்டையக் குடு."

"ஏய், ஊசிடி அது. அரிசியா?"

"வைட்டமினுதான. எனக்கு ரெண்டு கை கீது. போட்டா ஒரு ஹாட் பாக்ஸ் தராங்கோ, உன்னுத வுட்டுட முடியுமா? இந்த டிரம்மு நிக்கறதுக்குள்ள வந்துடுவேன்."

முகக்கவசம், தலையில் துணி, ஒரே நிறச் சீருடை. வரிசையில் ஒரு முறை ரோஸ்லின், மறுமுறை கிருபாவதி. டிரம் நிற்பதற்குள் இரண்டு ஹாட் பாக்ஸோடு வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் இரண்டு தோளும் வீங்கி, ஜாக்கெட்டைக் கழற்ற முடியாமல் திண்டாடினாள். இருவரும் சிரித்தார்கள். கிருபாவதியும்தான் சிரித்தாள்.

*

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆறாவது மாடி. ஆணையம் கொடுத்த சிகிச்சை அட்டை இருந்ததால் கிடைத்த படுக்கை. அழிந்த குறிகளில் சிலவற்றைத் திரும்ப வைக்கிற மருந்து அங்கே மட்டும்தான் இருந்தது. ரோஸ்லினுக்கு முப்பத்தி நாலு வயது. தலையில் முடி இல்லை. துணைக்குக் கிருபாவதியின் மகள் பிரிசில்லா இருந்தாள். அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருப்பவள். சித்திக்காக ஒரு மாதம் விடுப்பு எடுத்திருந்தாள்.

மகளைக் கீழே அனுப்பிவிட்டு, ஷமீமா சொன்னதையெல்லாம் கிருபாவதி ஒன்றுவிடாமல் சொன்னாள். செட்டு, குறி, நிற்கத் தெரியாத துடைப்பு. ரோஸ்லின் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப உன் ஊசிதான் என்னைத் தின்னுக்கினு கீது."

"ஆமா."

"அது உனுக்குப் போட்டிருந்தா?"

"உனுக்கு ஒண்ணு, எனுக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருந்திருப்போம். கேஸு தோத்துப் போயிருக்கும்."

"இப்ப நீ போய்ச் சொன்னா?"

"கேஸு நிக்கும். உன் அட்டை போயிடும்."

மருந்து இறங்கும் குழாயை ரோஸ்லின் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லாதக்கா," என்றாள் கடைசியில். "ஊருக்கு நல்லதுதான், தெரியுது. ஆனா எனுக்குச் சாவ பயமா கீது. நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும். சத்தியம் பண்ணு."

கிருபாவதி அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

*

ஆணையத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் ஆணையத் தலைவர், ஓய்வுபெற்ற பெண் நீதிபதி. கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் தொழிலாளர்கள். கிருபாவதிக்குப் பக்கத்தில் ரோஸ்லினின் கணவன் சாலமோன் உட்கார்ந்திருந்தான். கிருபாவதியின் கணவன் இறந்த இந்த ஆறு வருடத்தில் அவளுக்கும் மகளுக்கும் எது வேண்டுமென்றாலும் ஓடி வருகிறவன்.

கம்பெனி வக்கீல் சத்தம் போடுகிறவர் இல்லை. நல்ல தமிழில், பாடம் நடத்துவதுபோலப் பேசினார்.

"எதிர்த்தரப்பின் கதை சுவையாக இருக்கிறது. எங்கள் வைட்டமின் ஊசி குறிகளைத் துடைத்துவிட்டதாம். அப்படியானால் இந்தக் கிருபாவதி அம்மாவைப் பாருங்கள். அதே முகாம், அதே ஊசி. பதிவேட்டில் பெயர் இருக்கிறது. ஒரு குறிகூட அழியவில்லை. ஊசி எதையும் செய்யவில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? மற்றவர்கள் உடலில் குறி இல்லையென்றால் அவர்கள் நஞ்சைத் தொடவே இல்லை. இந்த அம்மா வீட்டில் கழிவுத் தோல் வாங்கி ஏதாவது செய்திருக்கலாம். ரோஸ்லின் என்ற பெண்ணின் நோய் வருத்தத்துக்குரியது. அது அவர் குடும்பத்தின் பரம்பரைக் கோளாறு. அதற்கு நிறுவனம் என்ன செய்யும்?"

சாலமோன் தலையைக் குனிந்துகொண்டான். கிருபாவதி அதைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். ரோஸ்லினின் முடியில்லாத தலை இன்னும் உள்ளங்கையில் இருந்தது. கிருபாவதி எழுந்திருக்க மாட்டாள். எழுந்திருக்கவே மாட்டாள்.

அப்போது கம்பெனி வக்கீல் அவள் பக்கம் திரும்பினார். கை கூப்பினார். புன்னகைத்தார்.

"உண்மையில் எங்கள் நிறுவனம் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் அம்மா."

அவர் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் தாங்கியிருப்பாள். திருடி என்று சொல்லியிருக்கலாம். பொய்க்காரி என்று சொல்லியிருக்கலாம். பதினெட்டு வருடம் அந்தத் தண்ணீரில் நின்றபோது ஒரு நாள்கூட யாரும் சொல்லாத நன்றி, இன்றைக்கு, இதற்கு.

"டேய்," என்றாள்.

மண்டபம் திரும்பிப் பார்த்தது. தான் நின்றுகொண்டிருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எனுக்கு நன்றி சொல்றியா? யாருக்குடா வேணும் உன் நன்றி? நான் உன் ஊசியே போட்டுக்கல! கேட்டுக்கோ! என் அட்டைய எடுத்துக்கினு போய் எனுக்கும் சேத்து வாங்கிக்கினா ரோஸ்லின். ஒரு தோள்ல அவளுது, ஒரு தோள்ல என்னுது. பரம்பரைக் கோளாறா? உன் மருந்துடா அது. அவ உடம்புக்குள்ள கீது உன் மருந்து, ரெண்டு பங்கு!"

இளம்பரிதி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். சாலமோன் அவளை ஏறிட்டுப் பார்த்தான்.

கம்பெனி வக்கீல் ஒரு கணம் திகைத்தார். பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் பரவியது. எதிரி தானாகவே குழியில் இறங்கிவிட்டதைப் பார்த்த வெளிச்சம். குரல் முதல்முறையாக உயர்ந்தது.

"ஆணையம் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்! ஆள்மாறாட்டம்! இவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்! ஒரே மணி நேரத்தில் இரண்டு ஊசி! ஆறு மாதம் கழியாமல் இரண்டாவது அளவு போட்டால் உயிருக்கு ஆபத்து என்று பெட்டி மேலேயே சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறது. ஓர் இலவசப் பாத்திரத்துக்கு ஆசைப்பட்டுத் தன் தலையில் தானே..."

நிறுத்திக்கொண்டார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வக்கீல் சார், வைட்டமின் பெட்டி மேலா அப்படிப் போட்டிருக்கிறது?"

தலைவர் உத்தரவைச் சொல்லத் தொடங்கினார். மிச்சமுள்ள குப்பிகளையும் பெட்டிகளையும் மூன்று நாளில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் கிடங்குக்குச் சீல். குறி இல்லாத ரத்தத்தைக் கம்பெனிக்குச் சாதகமாக இனிக் கொள்ள முடியாது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பின்வரிசையில் யாரோ விம்முவது கேட்டது. அதே குரலில், மூச்சு விடாமல், அடுத்ததையும் சொன்னார். கிருபாவதியின் ரத்தம் முதல் சான்றாக ஏற்கப்படுகிறது. பிரிவு பதினான்கின்படி கிருபாவதி, ரோஸ்லின் இருவரும் மனுதாரர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார்கள். இதில் ஆணையத்துக்கு விருப்புரிமை இல்லை.

வாசலில் கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. யாரோ கட்டிப்பிடித்தார்கள், யாரோ கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எல்லாரையும் உதறினாள். சாலமோன் கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்தான்.

"அண்ணி," என்றான். "அவ உங்களுக்கு இன்னா கெடுதல் பண்ணா?"

அவள் பதில் சொல்வதற்குள் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டான்.

*

அவள் ஆறாவது மாடிக்குப் போனபோது செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது. சாலமோன் கீழே கவுன்ட்டரில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான். குழாயைக் கழற்றிவிட்டிருந்தார்கள். நாளைக் காலை படுக்கையைக் காலி செய்ய வேண்டும். பிரிசில்லா துணிகளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரோஸ்லின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

கிருபாவதி ஸ்டூலில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்கிற யோக்கியதை இருப்பதாகவும் தோன்றவில்லை. அந்த வக்கீலின் கூப்பிய கைகள்தான் கண்ணுக்குள் நின்றன. அவற்றை ஒடித்திருக்க வேண்டும். சத்தியத்தையும் காப்பாற்றியிருக்கலாம், கோபமும் தீர்ந்திருக்கும்.

ரோஸ்லின் பேசினாள், திரும்பாமலே.

"பிரிசி, கொஞ்சம் வெந்நீர் புடிச்சுக்கினு வா."

பிரிசில்லா பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். செருப்புச் சத்தம் வராந்தாவில் தேயும்வரை ரோஸ்லின் காத்திருந்தாள்.

"இங்கயே கெடந்து அதையேதான் யோசிச்சுக்கினு இருந்தேன். நீ அன்னைக்கு வந்து சொன்னியே, அந்தச் செட்டு. குரோமியம் குறி எல்லாத்தயும் துடைக்கும், தீந்துட்டா வேறத்துக்குப் போவும், நிக்கத் தெரியாதுன்னு."

"ஆமா."

"நான் பதினோரு வருசம் அந்தத் தண்ணியில நின்னவ. என் உடம்புல துடைக்கறதுக்கு நெறைய இருந்துச்சு. மொத ஊசி அதுக்கே சரியாப்போச்சு. ரெண்டாவதுக்குத்தான் வேலை இல்ல." அவள் மெல்லத் திரும்பினாள். கண்களில் கண்ணீர் இல்லை, கோபம்தான் இருந்தது. "எல்லாருக்கும் ஒரே அளவு ஊசிதான போட்டான்? பழைய ஆளுக்கும் அதே, புது ஆளுக்கும் அதே."

கிருபாவதிக்கு முதலில் புரியவில்லை.

"முகாமுக்கு மூணு மாசம் முன்னாடிதான அக்கா பிரிசி சேந்தா? அதுவும் பேக்கிங்ல. காஞ்ச தோலு, தண்ணியே கெடையாது." ரோஸ்லினுக்கு மூச்சு வாங்கியது. "அவ எனுக்கு முன்னாடிதான் வரிசையில நின்னா. அவ உடம்புல துடைக்கறதுக்கு இன்னா இருந்திருக்கும்? அவளுக்கு அந்த ஒரு ஊசியே..."

முடிக்கவில்லை. மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிருபாவதி வராந்தாவுக்கு வந்தாள். போனில் ஷமீமாவின் செய்தி காத்திருந்தது: அக்கா, நாம ஜெயிச்சுட்டோம். அவளுக்கு எழுத்தாகப் பதில் சொல்லப் பொறுமை இல்லை. அழைத்தாள்.

"அக்கா! சொல்லுங்க!" ஷமீமாவின் குரலில் இன்னும் மண்டபத்தின் உற்சாகம் இருந்தது.

"டாக்டர், முழு நூலையும் ரோஸ்லினுக்கு மட்டும்தான படிச்சீங்க?"

"ஆமாக்கா. ஏன்?"

"மூணு மாசம் மட்டும் வேலை செஞ்ச பொண்ணுக்கு அந்த ஊசி ஒண்ணு போட்டா, குறி தீந்த பெறவு மிச்சம் எங்க போவும்?"

தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது, ஷமீமா அவசரமாகக் காகிதங்களைப் புரட்டுவது கேட்டது.

வராந்தாவின் மறுமுனையில் பிரிசில்லா வெந்நீர்ப் பாட்டிலைத் துப்பட்டாவில் சுற்றிப் பிடித்தபடி, சூடு தாங்காமல் கை மாற்றிக் கை மாற்றி நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"சொல்லுங்க டாக்டர்," என்றாள் கிருபாவதி. மகள் கிட்டே வந்துவிட்டாள். "சொல்லுங்க. அந்த மாதிரி எத்தினி பேரு?"